மதனகாமப்பூ வாங்குவதற்கு முன்

மூலிகைச் சரக்குகளை அடையாளம் பார்த்துச் சொல்வது என் வேலை. நாட்டு மருந்துக் கடைகளிலிருந்தும் மருந்து தயாரிப்பவர்களிடமிருந்தும் வரும் பொட்டலங்களில் மதனகாமப்பூ அடிக்கடி இருக்கும். ஆண்மைக்கும் உடல் வலுவுக்கும் என்று லேகியங்களில் சேர்க்கிறார்கள். எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டால், "மலையிலிருந்து" என்பதற்கு மேல் பெரும்பாலும் பதில் வராது.

பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், கட்டைபோல் இறுகிய ஆப்பு வடிவச் செதில். அகன்ற பக்கத்தின் நுனியில் மேல்நோக்கி வளைந்த ஒரு முள். திருப்பிப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியான பைகள் மூன்றும் நான்குமாகக் கூடி ஒட்டியிருக்கும். பெரணி இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு உடனே அந்த ஞாபகம் வரும். அந்தப் பைகளுக்குள்தான் மகரந்தம் உருவாகிறது.

இது பூவே பூக்காத ஒரு மரத்தின் ஆண் கூம்பிலுள்ள செதில். மரத்தின் பெயர் சைகஸ் சிர்சினாலிஸ். கேரளத்தில் ஈந்து என்பார்கள். பனை மாதிரித் தெரிந்தாலும் பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது. பைன், தேவதாரு போல விதை திறந்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. இயற்கையாக வளர்வது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதையொட்டிய காடுகளிலும்தான். உலகில் வேறெங்கும் இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

சைகஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தில் கூம்போ, பெண் மரத்தில் சூல்களைத் (பின்னால் விதையாகும் உறுப்புகளை) தாங்கும் சூலிலைகளோ வரும் வரை பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதற்கே பல வருடங்கள் ஆகும். ஆண் மரத்தின் உச்சியில் ஒரு தடவைக்கு ஒரு கூம்புதான் வரும், அதுவும் எல்லா வருடமும் வராது. பெண் மரத்தில் கூம்பே இல்லை. பழுப்பு ரோமம் படர்ந்த, இலை போன்ற சூலிலைகள் உச்சியில் வட்டமாகக் கிளம்பும். அவற்றின் இரு ஓரங்களிலும் சூல்கள் வெளியே தெரியும்படி ஒட்டியிருக்கும். தாவர உலகிலேயே மிகப் பெரிய சூல்கள் சைகஸினுடையவைதான்.

காற்றோ சிறு வண்டுகளோ மகரந்தத்தைச் சூலில் கொண்டுவந்து சேர்த்த பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பாசிகளின் ஆண் செல்கள் பலவும் நீரில் நீந்திப் போய்ப் பெண் செல்லைச் சேர்கின்றன. தரைக்கு வந்த பின்னும், ஈரச் சுவரில் பச்சையாகப் படரும் மாஸ் (moss) என்ற சிறு தாவரமும் பெரணியும் அந்த வழக்கத்தை விடவில்லை. மழை ஈரமோ பனித்துளியோ இல்லாமல் அவற்றின் கருவுறுதல் நடக்காது. பூக்கும் தாவரங்களில் நீச்சல் அறவே போய்விட்டது, மகரந்தக் குழாயே ஆண் செல்லைக் கொண்டு சேர்த்துவிடும். சைகஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மகரந்தம் சில மாதங்கள் சூலுக்குள்ளேயே வளர்ந்து, கடைசியில் நீந்த உதவும் நுண்ணிய கசையிழைகள் சுருளாகச் சுற்றிய ஆண் செல்களை வெளியே விடுகிறது. சூலுக்குள் இருக்கும் துளி நீரில் அவை நீந்திப் போகின்றன. 1896இல் ஜப்பானியத் தாவரவியலாளர் ஹிரசே, பூக்காத இன்னொரு விதை மரமான ஜின்கோவிலும், அதே வருடம் அவர் நாட்டவரான இக்கேனோ சைகஸிலும் இதைக் கண்டார்கள். விதை தரும் மரத்தில் நீந்தும் ஆண் செல் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

சரி, கூம்பை வெட்டுவதால் என்ன ஆகிறது? மரம் சாகாது. பக்க மொட்டு கிளம்பி வளர்ச்சி தொடரும். அதனால்தான் வெட்டுபவருக்குத் தப்பு எதுவும் செய்ததாகத் தோன்றுவதில்லை. ஆனால் மகரந்தம் உதிர்வதற்கு முன் சுற்றுவட்டாரத்து ஆண் கூம்புகளை எல்லாம் வெட்டிவிட்டால், அந்தப் பருவத்தில் பெண் மரங்களுக்கு மகரந்தம் கிடைக்காது. இதில் கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. மகரந்தம் சேராத சூலும் பருத்து விதை போலவே ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பெண் மரம் நிறையக் காய்த்த மாதிரிதான் இருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே கரு இருக்காது. காட்டில் பெரிய மரங்களைப் பார்த்து "நிறைய இருக்கிறதே" என்று சொல்பவர்கள், அடியில் கன்றுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

வைத்தியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகரந்தம் உதிர்ந்து முடிந்த கூம்பை எடுத்தால் பெண் மரத்துக்கு நஷ்டம் இல்லை. எடுக்கும்போதும் ஒரு பகுதியில் பாதிக் கூம்புகளையாவது தொடாமல் விட வேண்டும். அதைவிட நல்ல வழி தோட்டத்தில் வளர்ப்பது. சைகஸ் தண்டில் குமிழ் போன்ற பக்கக் கன்றுகள் விடும். ஆண் மரத்துக் கன்று ஆணாகவே வளரும். கூம்புக்காக வளர்ப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கன்றும் காட்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கக் கூடாது, நர்சரியில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் பயிர்தான், இருந்தாலும் லேகியம் தயாரிக்கும் நிறுவனங்கள் மனது வைத்தால் நடக்கும்.

அப்புறம் இன்னொன்று. சைகஸ் விதையில் சைக்காசின் என்ற நச்சு இருக்கிறது, கல்லீரலைக் கெடுக்கும். கேரளத்தில் விதையை நறுக்கிக் காயவைத்து, ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே மாவாக்கிச் சாப்பிடுவார்கள். அந்தப் பக்குவம் தெரியாமல் யாரும் முயல வேண்டாம். வீட்டு முன்வாசலில் அழகுக்காக வைக்கும் ஜப்பானிய சைகஸின் விதையிலும் இதே நச்சு உண்டு. நாய் வளர்ப்பவர்கள் விதைகள் கீழே விழ விடாமல் எடுத்துவிடுங்கள். நாய் கடித்துவிட்டது தெரிந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.