சுக்கு மல்லிக் காபியில் கருப்பட்டி எதற்கு?

நீரிழிவுப் பிரிவில் உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம், ஒரு நாளில் என்னென்ன குடிக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்பது என் வழக்கம். சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் சொல்பவர்கள்கூடக் குடித்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அண்மைக் காலமாக அந்தக் கேள்விக்கு அடிக்கடி கிடைக்கும் பதில், "காபி, டீ எல்லாம் விட்டுட்டேன் மேடம், சுக்கு மல்லிக் காபிதான்" என்பது. அதில் சர்க்கரை போடுவீர்களா என்றால், கேட்டதே குற்றம் என்பதுபோல, "ஐயோ, சர்க்கரையா? கருப்பட்டிதான்!" என்பார்கள்.

கருப்பட்டியின் மீது நமக்கு இருக்கும் நம்பிக்கையை நான் அறிவேன். உடன்குடிக் கருப்பட்டியின் மணமும் சுவையும் வெள்ளைச் சர்க்கரைக்கு வராது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைப் பொறுத்தவரை, கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை ஆகிய மூன்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியில் தாதுக்கள் சற்றுக் கூடுதலாக இருப்பது உண்மையே என்றாலும், ஒரு தம்ளருக்குப் போடும் சிறு துண்டில் கிடைக்கும் தாதுக்களுக்காக அதனுடன் வரும் இனிப்பை ஏற்பது நட்டக் கணக்கு. பத்து கிராம் துண்டு ஒன்றைத் தம்ளருக்குப் போட்டு நாளுக்கு மூன்று தம்ளர் குடித்தால் 30 கிராம் ஆகிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள், இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. இது நீரிழிவு இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட அளவு. தேனும் இந்தக் கணக்கில் அடங்கும். ஆக, நல்லது என்று நம்பிக் குடிக்கும் பானம் ஒன்றே அந்த 25 கிராமையும் தாண்டிவிடுகிறது.

காபியை விட்டது நல்ல முடிவா என்றால், பலருக்கு நல்ல முடிவுதான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் காஃபின் இருப்பதாகக் கூறி, ஒரு நாளில் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும். மாலை ஆறு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை என்று வருந்துபவர்களுக்கு, அந்த ஒரு வேளையை மட்டும் சுக்கு மல்லிக்கு மாற்றச் சொல்வேன். எல்லா வேளையையும் ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலியும் எரிச்சலும் சோர்வும் வந்து, சில நாள்களில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு வேளையாகக் குறைப்பதே நிலைக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிரீன் டீயும் தேயிலைதான்; அதிலும் காஃபின் உண்டு.

இனி அடுப்படிக்கு வருகிறேன். இனிப்பில்லாமல் சுக்கு மல்லி குடிக்கவே முடியவில்லை என்று சொல்பவர்களின் பேச்சில் உண்மை இருக்கிறது. குறை அவர்கள் நாக்கில் இல்லை, பாகத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் வழங்கும் அளவுகளில் மல்லிக்குப் பாதியளவு சுக்கு சேர்ப்பது வழக்கம். அது கருப்பட்டி சேரும் என்று தெரிந்து வகுத்த அளவு. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்னும் காரப்பொருளில் ஒரு பகுதி, அதைவிடக் காரமான ஷோகால் என்னும் பொருளாக மாறுகிறது. சுக்கின் காரம் இஞ்சியினும் கூர்மையாகத் தொண்டையைக் கமறுவது அதனால்தான். அந்தக் காரத்தை இனிப்பு தாங்கிக்கொள்ளும். இனிப்பை எடுத்துவிட்டுச் சுக்கை மட்டும் பழைய அளவிலேயே விட்டால், குடிப்பவர் இரண்டாம் வாயிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிடுவார். இனிப்பு போனால் பாகமும் மாற வேண்டும்.

நான் எழுதிக் கொடுக்கும் அளவு இது. முழு மல்லி 100 கிராம், சோம்பு 20 கிராம், சீரகம் 10 கிராம், ஏலக்காய் 5 கிராம், மிளகு அரைத் தேக்கரண்டி. சுக்கு 15 கிராம் மட்டும், அதுவும் தனி டப்பாவில். சோம்பைத் தாராளமாகச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: அதில் உள்ள அனெத்தோல் என்னும் வாசனைப் பொருள் சர்க்கரை இல்லாமலேயே நாக்குக்கு இனிப்பாகத் தோன்றும். ஏலக்காயின் மணமும் இனிப்புப் பண்டங்களோடு பழகிய நமக்கு இனிப்பின் நினைவைத் தரும். சோம்பு வாசம் பிடிக்காதவர்கள் அதைப் பாதியாக்கி ஏலக்காயைக் கூட்டிக்கொள்ளலாம்.

மல்லியை வறுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குழம்புப் பொடிக்கு வறுப்பதுபோலச் சிவக்க வறுத்தால் கசப்பு ஏறிவிடும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் பிறகு இனிப்பைத் தேடுகிறோம். சிறு தீயில், பச்சை வாடை நீங்கி மணம் எழும் வரை மட்டும் வறுத்து, நிறம் மாறத் தொடங்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். சீரகத்தையும் சோம்பையும் அடுப்பை அணைத்த பிறகு சூடான வாணலியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். ஆறியதும் மிளகு, ஏலக்காயோடு சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியானால் விட்டுவிட்டு இரண்டு சுற்று. மாவாக அரைத்தால் வடிகட்டியில் தங்காமல் நீர் கலங்கி, அடியில் வண்டல் தங்கிக் கசக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் அளவுக்கு இடித்து வைக்காதீர்கள்; இடித்த மல்லியின் வாசம் டப்பாவுக்குள்ளேயே மங்கிவிடும்.

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது நம் மருத்துவ வழக்கு. சுக்கின் தோலைச் சீவிவிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்று சித்த மருத்துவம் வகுத்ததற்கு அதன் காரணங்கள் இருக்கும். என் காரணம் எளிது, தோலின் சுருக்கங்களில் மண்ணும் தூசும் ஒட்டியிருக்கும். வெள்ளையாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்பு பூசிய சுக்கும் கடைகளில் கிடைக்கிறது. பூச்சு இல்லாத, பழுப்பு நிறச் சுக்கைக் கேட்டு வாங்கி, கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டு இடிப்பது நல்லது.

கொதிக்க வைக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுக்கின் காரம் தண்ணீரில் இறங்க நேரமாகும். மல்லியின் மணமோ ஆவியோடு ஓடிவிடும், ஏனெனில் அந்த மணத்துக்குக் காரணமான லினலூல் எளிதில் ஆவியாகக் கூடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விட்டால் சமையலறை மணக்கும், தம்ளரில் காரம் மட்டுமே மிஞ்சும். ஆகையால் 250 மில்லி தண்ணீரில் கால் தேக்கரண்டி இடித்த சுக்கை முதலில் போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். பிறகு மல்லிக் கலவையில் இரண்டு தேக்கரண்டி சேர்த்து, ஒரு கொதி வந்தவுடன் அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நிமிடம் அப்படியே விட வேண்டும். தட்டின் அடியில் துளித்திருக்கும் நீரை வெளியே சிந்தாமல் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிட்டு வடிகட்டுங்கள். வாசம் அந்தத் துளிகளிலும் இருக்கிறது. துளசி சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பின் நான்கைந்து இலை கிள்ளிப் போடலாம். வடிகட்டிய பிறகு சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் இனிப்பில்லாத குறை பெருமளவு மறையும் என்பது என் அனுபவம், ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

இதுநாள் வரை இரண்டு துண்டு கருப்பட்டி போட்டவர் நாளையே வெறுமனே குடிக்க வேண்டியதில்லை. வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வந்தால், நான்கைந்து வாரத்தில் பலருக்கும் நாக்கு பழகிவிடுவதைப் பார்க்கிறேன். அதற்குப் பதில் செயற்கை இனிப்பு மாத்திரை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ஆனாலும் நான் ஊக்குவிப்பதில்லை. மாத்திரை போட்டால் இனிப்புக்குப் பழகிய நாக்கு அப்படியேதான் இருக்கும், பிறகு திருமண வீட்டுப் பந்தியில் அது தன் வேலையைக் காட்டும்.

கடையில் பொட்டலமாக வாங்குபவர்கள் முகப்பில் அச்சிட்டிருக்கும் இலையையும் பூவையும் பார்க்காமல் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் பெயர் பனைவெல்லம் என்றிருந்தால் நீங்கள் வாங்குவது சுக்குப் பொடி அன்று, சுக்கு வாசமுள்ள வெல்லப் பொடி. 'மூலிகை' என்ற சொல்லுக்குக் கீழே தேயிலையோ காபித்தூளோ சேர்ந்திருக்கிறதா என்பதையும், மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பதப்படுத்திய மாவுப்பொருள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின்னது இனிக்காது, ஆனால் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

சர்க்கரை இல்லை என்று சொல்லியும் இனிக்கிற பொடியானால் அதிமதுரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பானது. ஆனால் அது உடலில் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுப்பதால், உப்பும் நீரும் உடலில் தேங்கி, பொட்டாசியம் வெளியேறி, இரத்த அழுத்தம் ஏறும். தொண்டைக் கரகரப்புக்கு ஒருநாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு, மாதக்கணக்கில் தினமும் மூன்று வேளை குடிப்பது வேறு. நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும்.

பட்டை சேர்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நம் மளிகைக் கடைகளில் பிரியாணிக்கென்று விற்கும் தடித்த, ஒற்றைச் சுருளான பட்டை பெரும்பாலும் காசியா வகை; அதில் கூமரின் அதிகம், அளவு மீறித் தினமும் உட்கொண்டால் கல்லீரலைப் பாதிக்கக் கூடியது. இலங்கையில் கறுவா எனப்படும் மெல்லிய, பல அடுக்குச் சுருளில் கூமரின் மிகக் குறைவு. தினமும் குடிப்பதற்குக் கறுவாதான் ஏற்றது.

இந்தப் பானம் நீரிழிவுக்கு மருந்தன்று. இதைக் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) அறிக்கையோடு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், சுக்கை நாள்தோறும் குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காஃபின் இல்லை என்பதற்காக உணவோடு சேர்த்தும் குடிக்கக் கூடாது. மூலிகைப் பானங்களில் உள்ள பாலிஃபீனால்களும் உணவிலுள்ள இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். காபி, தேநீருக்குச் சொல்வதுபோலவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதைச் சுக்குக் காபியால் விழுங்காமல் தண்ணீரால் விழுங்க வேண்டும்.