வீட்டுத் தராசு சொல்லும் இருதயச் செய்தி

பொரளை ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையில் இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து, துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும் கைக்குழந்தைகள் பல ஊர்க்காரர்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்றால் ஏதும் நடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரலாம். அட்டனுக்கோ மட்டக்களப்புக்கோ போன பிள்ளைக்கு? தொலைமருத்துவம் தேவைப்படுவது அங்கேதான்.

தொலைமருத்துவம் என்றதும் பலருக்கும் வீடியோ கோல்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் வீடியோ இரண்டாம் பட்சம், முதலிடம் தராசுக்கு.

பச்சைக் குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரிய உடற்பயிற்சி. இருதயம் தடுமாறினால் பிள்ளை உறிஞ்சும், வியர்க்கும், களைத்துப் பாதியில் தூங்கிவிடும். மூச்சுவிடுவதற்கே சக்தி அதிகம் செலவாகும். அதனால் உதடு நீலமாவதற்கு முன்பே எடை நின்றுவிடலாம். ஒரே இரவில் எடை எகிறினாலும் சந்தோஷப்பட வேண்டாம், உடலில் நீர் சேர்ந்திருக்கலாம்.

இந்த யோசனையை அமெரிக்காவின் மில்வாக்கியில் 2000ஆம் ஆண்டளவில் திட்டமாகவே செய்து பார்த்தார்கள். ஒரே இதயவறையை நம்பி வாழும் குழந்தைகளுக்கு முதல் சத்திரசிகிச்சைக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட மாதங்கள் மிக ஆபத்தானவை. பெற்றோரிடம் தராசும், இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிமீற்றரும் கொடுத்தார்கள். எடை ஒரே நாளில் 30 கிராமுக்கு மேல் குறைந்தால், 3 நாளில் 20 கிராமாவது கூடாவிட்டால், ஒட்சிசன் அளவு 70 சதவீதத்துக்குக் கீழ் போனால் உடனே அழைக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த இடைவெளியில் நேர்ந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

70, 75 என்றாலே பயமாக இருக்கும். ஆரோக்கியமான பிள்ளைக்கு 95க்கு மேல் இருக்குமே! ஆனால் இந்தக் குழந்தைகளில் நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலந்தே ஓடும். 75 முதல் 85 வரை எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் ஏறினால், இரத்தம் நுரையீரலுக்கு அதிகம் போய் உடலுக்குக் குறைகிறதோ என்று வைத்தியர் யோசிப்பார். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லை வேறு. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் இலக்கம் உங்களுக்கு உதவாது.

ஒட்சிமீற்றர் பாதத்தினூடே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறது. ஒட்சிசன் ஏற்றிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏற்றாதது சிவப்பை. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் கருவி கணக்கெடுக்கும். அதனால் கால் குளிர்ந்திருந்தாலும் பிள்ளை உதைத்தாலும் இலக்கம் பிழையாகும். மலைநாட்டுக் காலையில் முதலில் பாதத்தைச் சூடாக்குங்கள், அப்புறம் அளக்கலாம்.

சரி, வீடியோ எதற்கு? சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் நெஞ்சைக் காட்டினால் மூச்சை எண்ணலாம், விலா உள்ளிழுப்பதைப் பார்க்கலாம். தையல் சிவந்திருக்கிறதா என்றும் தெரியும். மருந்தை ஊட்டுமுன் சிரிஞ்சைக் கெமராவுக்குக் காட்டச் சொல்வது இன்னும் பயனுள்ளது, 0.5 மில்லிலீற்றருக்குப் பதில் 5 போய்விடக் கூடாதே.

பிள்ளை நீலம் பாய்ந்து துவண்டாலோ மூச்சுக்குத் திணறினாலோ வீடியோவெல்லாம் வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.