சத்தம் கேட்காமல் இறங்குங்கள்

என் சிகிச்சை அறையில் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள மரப்படி ஒன்று இருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர்கள் ஏறி இறங்கிப் பழகுவதற்காக வாங்கியது. குதிகால் வலி என்று வந்த ஒரு கல்லூரி மாணவரை அதன்மேல் ஏறி நின்று குதிக்கச் சொன்னேன். சுவர், கம்பி போன்ற தடைகளை ஓடியும் தாவியும் கடக்கும் பார்கூர் பழகுபவர். ஆள் உயரச் சுவர்களிலிருந்து தாவிப் பழகியவருக்கு அந்தப் படியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இதிலிருந்தா மேடம்?" என்றார். குதித்தார். 'தொம்' என்ற சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் என்ன விழுந்தது என்று எட்டிப் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று அவரை ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். எலும்பு முறியவில்லை என்பது உண்மைதான். குதிகாலுக்கு அடியில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். நாள் முழுவதும் குதிகாலை நேராகத் தரையில் அறைந்தால் அது கன்றிப்போகும். அதைக் காட்ட எக்ஸ்ரே தேவையில்லை, அந்தச் சத்தமே போதும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது ஏறக்குறைய மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலை விறைப்பாக வைத்து, உடல் 5 சென்டிமீட்டர் மட்டுமே தாழ்ந்து நின்றால், கால்கள் தாங்க வேண்டிய சராசரி விசை உடல் எடையைப்போல் 21 மடங்கு. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மடக்கி 40 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அதுவே மூன்றரை மடங்குதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,260 கிலோவா, 210 கிலோவா என்ற வித்தியாசம். உயரத்தைக் குறைக்காமலே சுமையைக் குறைக்க வழி இருக்கும்போது பலரும் தடிமனான காலணியைத் தேடிப் போவது எனக்கு விளங்காத விஷயம். காலணியின் அடிப்பகுதி எத்தனை சென்டிமீட்டர் அமுங்கிவிடப் போகிறது?

முதலில் தரையைத் தொட வேண்டியது முன்பாதம், அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பற்றான பகுதி. விரல் நுனியில் இறங்கினால் கணுக்கால் தள்ளாடும். குதிகாலில் இறங்கினால் அதிர்ச்சி முழங்கால் வழியாக முதுகுவரை ஏறும். முன்பாதம் தொட்டவுடன் முழங்கால் மடங்க, இடுப்பு பின்னால் போக, மார்பு சற்று முன்னால் சாய வேண்டும். நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் நின்றுவிட்டவர்போல் இருக்கும். முழங்கால் 90 டிகிரியைத் தாண்டி மடங்க விடாதீர்கள். அதற்கும் கீழே போனால் தொடைத் தசைகளின் பிடி தளர்ந்து, சுமை மூட்டின்மேல் ஏறிவிடும். உயரம் அதிகமென்றால் கைகளையும் தரையில் ஊன்றலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது. இறங்கும் கணத்தில் இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நோக்கி நகரும். இறங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. ஏ.சி.எல். என்று எல்லோரும் சொல்லும், முழங்காலுக்குள் இருக்கும் தசைநார், யாரும் மோதாமலே அறுந்துபோவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். ஒரு பெண்ணின் தாவலை அவருடைய கைப்பேசியிலேயே முன்பக்கத்திலிருந்து ஸ்லோமோஷனில் எடுத்துக் காட்டினேன். வலது முழங்கால் பெருவிரலைத் தாண்டி உள்ளே போய்த் திரும்புவதைப் பார்த்தவர், "இது என் கால்தானா?" என்று மறுபடி ஓடவிட்டார். அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: முழங்கால் எப்போதும் இரண்டாவது விரலைப் பார்க்கட்டும். அதற்கான வலு இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளில் இருப்பதால், பயிற்சியில் பாதி இடுப்புக்குத்தான் கொடுத்தோம். முழங்காலுக்கு வந்தவர் இடுப்புக்குப் பயிற்சி செய்வதை வீட்டில் நம்பவில்லையாம்.

சமநிலை என்பது இறங்கிய பிறகு கைகளை வீசித் தேடுவதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கால் தரையைத் தொடுவதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்போதே கெண்டைக்கால், தொடைத் தசைகள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. தரை எப்போது வரும் என்று கண் சொல்கிறது, மூளை அதற்கேற்பத் தசைகளைத் தயார்ப்படுத்துகிறது. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து, தரை முன்பே வந்துவிட்டதால் பல் அதிர்ந்திருக்கிறதா? உயரம் அரையடிகூட இருக்காது, தயாராக இல்லாததுதான் காரணம். ஆகவே தாவும்போது இறங்கப்போகும் இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டே தாவி, சுளுக்கோடு வந்தவர்கள் எனக்குப் பழக்கமானவர்கள்.

சுவர் விளிம்பு, கம்பி போன்ற குறுகிய இடங்களில் இது இன்னும் முக்கியம். பாதத்தின் நடுவளைவு விளிம்பில் பதியும்படி இறங்கினால் பிடிமானம் இருப்பதுபோல் தோன்றும். சறுக்கினால் சரிசெய்ய வழியிருக்காது. முன்பாதம் விளிம்பில் இருந்தால் கணுக்காலை அசைத்து முன்னும் பின்னும் திருத்திக்கொள்ளலாம். தாவுமுன் அந்த இடத்துக்கு நடந்து போய்க் கையால் தடவிப் பாருங்கள். ஈரம், பாசி, மணல் இருக்கிறதா, கல் ஆடுகிறதா என்று.

பிரான்சில் பிறந்த பார்கூரின் பெயர், இராணுவத் தடைதாண்டும் பயிற்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நிற்காமல் போவதுதான் நோக்கம். இறங்குவது அடுத்த எட்டின் தொடக்கம். முன்னோக்கிய வேகம் இருக்கும்போது உருளுவது அதனால்தான் பொருந்துகிறது. கீழ்நோக்கிய வேகத்தில் ஒரு பகுதி முன்னோக்கித் திரும்பிவிடும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்கூர் முறையில் இறங்கியவர்களிடமும் உருண்டவர்களிடமும் வழக்கமான முறையைவிட உச்ச விசை குறைவாகவே பதிவானது. உருளும் பாதை ஒரு தோள்பட்டையின் பின்புறத்திலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போக வேண்டும். தலையோ கழுத்தோ தரையைத் தொடக்கூடாது, முதுகெலும்பின்மேல் நேராக உருளவும் கூடாது. மண்டியிட்ட நிலையில் புல்தரையிலோ மெத்தையிலோ பழகிய பிறகே உயரத்துக்குப் போங்கள்.

அந்த மாணவருக்கு நான் கொடுத்த பயிற்சி சலிப்பூட்டுவது. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்வது. விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. வலி அடங்கிய பின் அதே மரப்படியிலிருந்து பத்து முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி அசையாமல் நிற்பது. சத்தம் கேட்டால் கணக்கில் சேராது. சத்தமின்றி இறங்கியும் நிற்க முடியாமல் ஓர் எட்டு முன்னால் வைத்தால் அதுவும் சேராது. முதல் நாள் பத்தில் மூன்றுதான் தேறியது.

களைப்பு வந்தபின் தசைகள் தயாராவது தாமதமாகும், சத்தம் தானாகவே கூடும். சத்தம் கூடியதும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். 'கடைசியாக ஒரே ஒரு தடவை' என்று தாவியதில் அடிபட்டு வருபவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. 8 முதல் 14 வயதுக்குள் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இழுபட்டு வலிப்பது சகஜம். அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு குதிக்கச் சொல்லக்கூடாது.

கணுக்கால் பிசகியபின் நான்கு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, கணுவெலும்பை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். முழங்காலில் 'டப்' என்ற உணர்வோடு சில மணி நேரத்துக்குள் வீங்கினால் தசைநாரைச் சோதிக்க வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பும் நசுங்கியிருக்கலாம். குதிகால் வலியின் கடுமையில் முதுகு வலியைச் சொல்ல மறந்துவிடுவார்கள், நீங்கள் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.