தரகர்: சொல்லும் வேலையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் ஒரு பிள்ளை மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு இன்சூரன்ஸ் புரோக்கர் ஆகப் போகிறேன் என்றால் சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஏனென்றால் வீட்டு புரோக்கர், கல்யாண புரோக்கர் என்று கேட்டே பழகிய காது. அந்தச் சுளிப்பு நியாயமில்லை.

புரோக்கர் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். மதுப் பீப்பாயைத் துளைத்துச் சில்லறையாக விற்றவரைக் குறித்தது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். தமிழில் நமக்குத் தரகர் இருக்கிறார். தரகு என்பது அவர் செய்யும் வேலைக்கும் பெயர், அதற்கு வாங்கும் கூலிக்கும் பெயர். கேரளத்தில் தரகன் என்பது குடும்பப் பெயராகவே நிற்கிறது, அதில் யாரும் குறை காண்பதில்லை.

இன்சூரன்ஸ் புரோக்கரைச் சிலர் முகவர் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏஜென்ட்: ஒரு நிறுவனத்தின் முகமாக நின்று அதன் பாலிசியை விற்பவர். தரகரோ பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டு வாடிக்கையாளருக்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பவர். ஆகவே நிதிச் சேவைத் தரகர் என்பதே சரி.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்கு நிதி ஆலோசனையையும் இடைத்தரகுச் சேவையையும் ஒழுங்குபடுத்தும் 2002-ஆம் ஆண்டின் 37-ஆம் சட்டம் காவல். நிதித்துறை நடத்தை ஆணையத்தின் உரிமம் இல்லாமல் யாரும் நிதி ஆலோசனை சொல்லக் கூடாது. புதிதாக வருபவர் தானாக உரிமம் வாங்க அலைய வேண்டாம், உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தில் பிரதிநிதியாகச் சேர்ந்து மேற்பார்வையில் வேலை பழகுவதே நடைமுறை. சேர்ந்த 2 ஆண்டுக்குள் ஆர்.இ. 5 என்னும், பிரதிநிதிகளுக்கான ஒழுங்குமுறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். 50 கேள்வி, 65 சதவீதம் தேவை. அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட படிப்பு ஒன்றையும் முடிக்க வேண்டும். வேலை தருகிறோம் என்று கூப்பிடும் நிறுவனத்தின் எஃப்.எஸ்.பி. எண்ணை, அதாவது நிதிச் சேவை நிறுவன உரிம எண்ணை, ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே அந்த எண் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன் மாதச் சம்பளம் உண்டா, வெறும் தரகுதானா என்று நேராகக் கேளுங்கள். ஆயுள் பாலிசி எடுத்தவர் முதல் 2 ஆண்டுக்குள் பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டால் உங்களுக்குக் கொடுத்த தரகைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள், எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.