ஓவுலேஷன் ஸ்பாட்டிங்: கருமுட்டைக்காலக் கசிவு

இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே, நாப்கின் தேவைப்படாத அளவுக்கு, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ சில சொட்டு இரத்தம். ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். கருமுட்டை வெளியேறும் சமயத்தில் சிலருக்கு மட்டும் வரும் இதற்குத்தான் ஓவுலேஷன் ஸ்பாட்டிங் என்று பெயர்.

ஸ்பாட் என்றால் புள்ளி, சிறு கறை. ஓவுலேஷன் லத்தீன் வழி வந்தது. ஓவும் என்றால் முட்டை. பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டறிந்ததே 1827-இல்தான். தமிழில் சூல், சினை என்ற பழைய சொற்கள் உண்டு. சூல் கொண்ட மேகம், சினை மாடு என்கிறோம். கருமுட்டை உருவாகும் உறுப்பை இலங்கையில் சூலகம் என்றும் தமிழ்நாட்டில் சினைப்பை என்றும் சொல்கிறார்கள். ஆனால் பேச்சில் எல்லோருக்கும் பிடிபடுவது கருமுட்டைதான். அதனால் 'கருமுட்டைக்காலக் கசிவு' என்பதே என் தேர்வு.

வீடுகளில் இதையும் 'தீட்டு' என்றே சொல்லிவிடுகிறோம். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல் உண்மையிலேயே கெடுதல் செய்கிறது. தீட்டு என்று கணவனும் மனைவியும் விலகிப் படுத்தால், கரு தங்க வாய்ப்புள்ள நாட்களே கைநழுவும். இதை மாதவிடாயின் முதல் நாளாகக் குறித்துக்கொண்டால் அடுத்த கணக்கு முழுக்கத் தவறும்.

இது ஏன் வருகிறது? முட்டை வெளியேறுவதையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சட்டென்று குறையும்போது கருப்பையின் உட்படலம் லேசாகக் கசியலாம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாள் வாக்கில், 32 என்றால் 18 வாக்கில். முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் கசிவைப் பார்த்த பிறகு சேரலாம் என்று காத்திருக்க வேண்டாம், முந்தைய நாட்களே முக்கியம். கசிவு வராவிட்டாலும் குறை ஒன்றுமில்லை.

கரு ஒட்டும்போது வரும் கசிவு வேறு. அது முட்டை வெளியேறி 6 முதல் 12 நாள் கழித்து வரக்கூடும். அப்புறம், நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலோ, உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, மாதாமாதம் தொடர்ந்தாலோ மகளிர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாள் தள்ளிப்போய், கசிவோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் அன்றே போக வேண்டும்; கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும்.