தோட்டத்த எத்தன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்களோ, அத்தனையும் எழுதிட்டு வாங்க

மலேசியாவுல, பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான்ல லைப்ரரி வேலைல இருக்கேன். "எங்க தாத்தா இருந்த எஸ்டேட் தோட்டத்தப் பத்தி ஏதாவது கெடைக்குமா"ன்னு அடிக்கடி ஆளுங்க வர்றாங்க, பாதிப் பேரு ஏற்கனவே நெட்ல தேடி ஒண்ணுமே வரலன்னு மனசு விட்டுப் போனவங்க. இல்லாம இல்லங்க, தேடுற பேருதான் மாறிப்போச்சு. 1982 வரைக்கும் இந்த ஊரு தெலுக் ஆன்சன், அதையும் பழைய இங்கிலீஷ் பேப்பர்ல "தெலோக்"னு 'ஓ' எழுத்துப் போட்டுதான் எழுதியிருப்பாங்க, அப்படி அடிச்சுப் பாருங்க. சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட வெப்சைட்ல 1845லேர்ந்து வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கு, தமிழ் முரசும் இருக்கு.

தோட்டத்துப் பேரு அதவிட சிக்கல். ஒரு அக்கா வந்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாட்டி சொன்ன "மேட்டுத் தோட்டம்" மட்டும்தான், அந்தப் பேரு நம்மாளுங்க வாயில இருந்ததே தவிர எந்த ஃபைல்லயும் இருக்காது. வீட்டுல பழைய பேப்பர் எதுனா இருக்கான்னு கேட்டேன், மறுவாரம் ஒரு பிஸ்கட் டின்னத் தூக்கிட்டு வந்தாங்க, சிவப்பு ஐசிக்கு (அடையாள அட்ட) அடியில நாலா மடிச்ச இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) கடுதாசி, அதுல கம்பெனியோட முழுப் பேரு! அந்தப் பேர வச்சுத்தான் கேஎல் அர்கிப் நெகாராவுல, அதாவது கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல, தேட ஆரம்பிச்சோம். அங்க பழைய சர்க்கார் ஃபைலெல்லாம் இங்கிலீஷ் தலைப்புலதான் இருக்கும். கப்பலேறுன கத தெரியணும்னா சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துப் பக்கமும் போகணும், ஆளுங்க ஆவடி, நாகப்பட்டினம் டிப்போ (கப்பலேத்துறதுக்கு முன்னால தங்க வச்ச முகாம்) வழியாத்தானே வந்தாங்க. தோட்டக் கம்பெனி ஃபைலெல்லாம் லண்டன்லதான் இருக்கும்னும் நெனைக்காதீங்க, நம்ம பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்த 1906ல ஆரம்பிச்சதே டென்மார்க்காரங்க.

எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒண்ணு இருக்கு. தோட்டம் ஒண்ணு கைமாறுனப்போ ஆபீஸ்ல இருந்த செக்ரோல் புக்கெல்லாம் (ஆளுங்க வேலைக்கு வந்த நாளக் குறிக்கிற பதிவேடு) பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலைல ஆளுங்கள நிறுத்திப் பேரு கூப்பிடுற எடத்துக்கு, பின்னால போட்டு எரிச்சிட்டாங்க, நான் போய்ச் சேந்தப்போ ஒரு பக்கத்தோட மூலைதான் மிச்சம், அதுல கிராணி (தோட்டத்துக் கணக்கப்பிள்ள) கையெழுத்துல ஆறு பேரு, பேருக்கு நேரா நாளுக்கு ஒரு கோடு, ரெண்டு எடத்துல மட்டும் கோடு இல்ல. அந்த ரெண்டு நாளும் காய்ச்சலா, சாவா, யாருக்குத் தெரியும்.

உங்க கோயில் கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிக, ஸ்கூல் குரூப் போட்டோ, சம்பளத் துண்டு, எதா இருந்தாலும் கொண்டாங்க, கண்ணு முன்னாலயே ஸ்கேன் பண்ணிட்டு அப்பவே கையில குடுத்துடுறேன்.