அப்பாவின் மசேநியில் எடுத்த காசு

சிங்கப்பூரில் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்புதான் மத்திய சேமநிதி, சுருக்கமாக மசேநி. அப்பாவின் மசேநியில் படிப்புக்கு எடுத்த காசு கடன் என்று பிள்ளைக்கே தெரியாமல் என்னிடம் வருவதில், இந்த மாதத்தில் இது நான்காவது குடும்பம். மூன்று வரை பொறுத்துக்கொண்டேன். நான்காவது வந்துபோன அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளின் மேற்படிப்புச் செலவுக்கு வழி தேடி வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது என் வேலை. சனிக்கிழமை வந்தவர் லாரி ஓட்டுநர், 53 வயது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூடவே மகள். பட்டம் வாங்கி ஓராண்டு ஆகப் போகிறது, வேலையில் இருக்கிறாள். மத்திய சேமநிதியில் எடுத்த கல்விக் கடனுக்குத் தவணை கட்டத் தொடங்கவேண்டும் என்று ஒரு கடிதம், அவள் பெயருக்கு.

"தப்பா அனுப்பிட்டாங்க மிஸ். இது எங்கப்பா காசு. நான் யார்கிட்டயும் கடன் வாங்கல" என்றாள்.

அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் காதில் ஏறாதது இதுதான். மசேநி கல்விக் கடன் திட்டம் என்ற பெயரிலேயே 'கடன்' இருக்கிறது. கடன் கொடுப்பவர் அப்பாவோ அம்மாவோ. கடன் வாங்குபவர் மாணவர். அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸில் இரண்டு பேரும் நுழைந்துதான் ஒப்புக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்து, அல்லது பாதியில் விட்டு, ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதிகபட்சம் 12 ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்கவேண்டும், ரொக்கமாக.

"சும்மா கிடக்கிற காசுதானே" என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மசேநியின் சாதாரணக் கணக்கில் இருக்கும் காசு எப்போது சும்மா கிடந்தது? இந்தக் கணக்கிலிருந்துதான் படிப்புக்கு எடுக்கிறார்கள். அதற்கு ஆண்டுக்கு 2.5% வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேருக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுத் தவணையும் அதிலிருந்துதான் போகிறது. 55 வயதில் ஓய்வுக்காலக் கணக்கு திறக்கும்போது அங்கே போய்ச் சேரவேண்டிய காசும் அதுதான். பிள்ளை படிப்புக்கென்று அதில் 40% வரை எடுக்க விடுகிறார்கள் என்பதற்காக, அது உபரிக் காசு ஆகிவிடாது.

அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "அப்பா காசுக்கு எதுக்கு வட்டி? யாருக்குப் போகுது?" உன் அப்பாவுக்குத்தான் போகிறது! அசலும் வட்டியும் எந்தக் கணக்கிலிருந்து எடுத்தார்களோ அங்கேயே திரும்பிச் சேர்கிறது. எடுக்காமல் விட்டிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அதைத்தான் திருப்பித் தரச் சொல்கிறார்கள். நீங்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு தவணையும் அப்பாவின் வயதான காலத்துச் சோற்றிலிருந்து போகிறது. அரசாங்கத்துக்கு இதில் ஒரு காசு லாபமில்லை.

கணக்கைப் பாருங்கள். மானியம் போக, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் குடிமக்களுக்குப் பல படிப்புகளின் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 8,000 வெள்ளி. நான்கு ஆண்டுக்கு 32,000. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுவதால், தவணை தொடங்கும்போது அது 34,000-ஐத் தாண்டியிருக்கும். 12 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 280 வெள்ளி பக்கம். மலையைப் புரட்டும் தொகை இல்லைதான். ஆனால் அந்தப் பெண் வருங்காலக் கணவரோடு பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் வீவக வீடு) விண்ணப்பித்து, மாதச் செலவை வெள்ளி வெள்ளியாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் திட்டத்தில் இந்த 280-க்கு இடமே இல்லை.

அப்பாவின் நிலைமை இன்னும் மோசம். போன ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கால் போய், சில மாதங்கள் சம்பளமில்லாமல் இருந்திருக்கிறார். சம்பளம் இல்லையென்றால் மசேநிச் சந்தாவும் இல்லை. சாதாரணக் கணக்கு ஏற்கெனவே இளைத்திருந்ததால் வீட்டுத் தவணையை ரொக்கமாகக் கட்டும்படி ஆகிவிட்டது. மகளிடம் சொல்லவில்லை. மச்சானிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்.

சரி, வேறு என்ன செய்திருக்கலாம்?

முதலில் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசைத் தேடுங்கள். கல்வி உதவி நிதி என்றாலே "நம்ம பிள்ளைக்கு அவ்வளவு மார்க் இல்லையே" என்று பின்வாங்குகிறார்கள். மதிப்பெண் பார்ப்பது உபகாரச் சம்பளத்துக்கு. உதவி நிதிக்கு முக்கியமாகப் பார்ப்பது, வீட்டு வருமானத்தை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு வருகிறது என்பதை. வகுத்துப் பார்க்காமலே "நமக்குக் கிடைக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். ஓட்டுநர் வீட்டில் ஐந்து பேர். நான்கு ஆண்டும் அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை! சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் உதவி நிதியையும் விசாரித்துப் பாருங்கள். மாதாமாதம் சம்பளத்தில் அதற்குப் பிடித்தம் போகிறது, போய்க் கேட்க மட்டும் கூச்சம்.

அப்புறம், உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பள்ளிக் காலத்தில் அரசாங்கம் பிள்ளை பெயரில் போட்டுவந்த எடுசேவ் கல்விப் பணத்தின் மீதி அங்கேதான் போய்ச் சேர்கிறது. தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) முடித்த பையன்கள் பலருக்கு விருதுத் தொகையும் அதில் இருக்கும். இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாமல் அப்பாவின் மசேநியில் கை வைக்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அண்ணன் கணக்கில் மீதி இருந்தால் தங்கையின் கட்டணத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் கல்விக் கட்டணக் கடன் இருக்கிறது. மானியம் போன கட்டணத்தில் 90% வரை தருகிறார்கள், படிக்கிற காலத்துக்கு வட்டி கிடையாது. படிப்பு முடிந்ததும் வட்டி தொடங்கிவிடும், அதை அப்போதைய மசேநி வட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இதில் எது லாபம் என்று ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்ல முடியாது. அப்பாவின் வயது, வீட்டுக் கடனில் மீதி, பிள்ளை எவ்வளவு சீக்கிரம் அடைக்கப் போகிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்வேன். பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். தீபாவளிக்கு முன்வரிசையில் நிற்கும் மாமாக்கள் அன்றைக்கு எங்கே போவார்கள் என்பது தனிக் கதை.

தனியார் பள்ளியில் வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு முன்பணம் கட்டிவிட்டு, "மீதியை மசேநியில எடுத்துக்கலாமா" என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே பதில்தான். முடியாது. வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்கவும் அதில் எடுக்க முடியாது. அரசு மானியம் உள்ள முழுநேர உள்ளூர்ப் படிப்புகளுக்குத்தான் இந்தத் திட்டம். தயவுசெய்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வந்து கேளுங்கள்.

மசேநியில் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நானே பல குடும்பங்களுக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, தொகையையும் தவணையையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கடன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த அப்பா ஏன் சொல்லவில்லை என்று மகளே கேட்டாள். "படிக்கிற பிள்ளைகிட்ட கடன்னு சொன்னா மனசு படிப்புல நிக்குமா? உன்கிட்ட வாங்குறதா எண்ணமும் இல்ல. தவணைக் காச நானே மாசாமாசம் உன் கையில குடுத்துடலாம்னு இருந்தேன்" என்றார். வீட்டுத் தவணைக்கே மச்சானிடம் கைநீட்டிய மனிதர்! அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து அங்கேயே மாதம் 350 வெள்ளி தவணை கட்ட ஏற்பாடு செய்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவே இல்லை.

கிளம்பும்போது மகளை முன்னால் போகவிட்டு, அவர் மட்டும் கதவருகே நின்றார்.

"அந்தக் காசு என் சாதாரணக் கணக்குலதானே வந்து விழும் மிஸ்? சின்னவன் அடுத்த வருசம் பாலிடெக்னிக் முடிக்கிறான். அதுல அவனுக்கு எடுக்கலாம்ல?"